உப்பு பூத்த ஓடுகள்

பெங்களூரில் எங்கள் அருங்காட்சியகக் கிடங்கில், கடலோரத் தீவுகளில் தோண்டியெடுத்த பானை ஓடுகள் இருக்கின்றன. எந்தத் தீவு என்பதற்கான எண்ணை ஓட்டின் மேலேயே, தண்ணீரில் கரையும் மையால் எழுதியிருக்கிறார்கள். எழுதும் முன் நன்னீரில் ஊறவைத்து, ஓட்டில் ஏறியிருந்த கடலுப்பை எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. இப்போது அந்த உப்பு வெள்ளையாகப் பூத்து, எண்ணோடு மேற்பரப்பை உதிர்க்கிறது. ஒவ்வொன்றாகப் படமெடுக்கிறோம். உப்பு எங்களைவிட வேகம்.

"தண்ணில போட்டா நம்பர் போயிடும், சும்மா வெச்சா ஓடே போயிடும். நாம யாருக்கு போட்டோ புடிக்கிறோம், அக்கா?" என்றார், தங்கவயலிலிருந்து ரயிலில் வந்துபோகும் என் உதவியாளர்.

நான் கையிலெடுத்த ஓட்டின் எண் கையுறையில் பொடியாக ஒட்டியிருந்தது. அதை 'இடம் தெரியாதவை' தட்டில் வைக்கப் போனேன். அதில் இடமில்லை. இன்னொரு தட்டு எடுத்து வரச் சொன்னேன்.