வண்டி கிளம்பாத மத்தியானம்

பெட்ரோல் வாடையோடு இரத்த வாடையும் கலந்தால் எப்படியிருக்கும் என்பது எனக்குப் பதினோரு வயதிலேயே தெரிந்துவிட்டது.

திருச்சுழிப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா ஒரு பழைய வெள்ளைக் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் பானெட்டைத் திறந்து வேலை பார்க்கும்போது ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் 'உப்புத்தாள்' வைத்துத் துரு தேய்ப்பதும் நான்தான் என்பதால், பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் 'ரோட்டர்' என்ற கட்டைவிரல் பருமன் துண்டு எந்த மூடிக்குள் இருக்கும் என்பதும், அது இல்லாவிட்டால் எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு சித்திரை மத்தியானம் அப்பா கிழிந்த சட்டையும் உடைந்த உதடுமாக வந்து இறங்கினார். கிணற்றுத் தண்ணீர் முறைக்காகப் பல நாள் புகைந்துகொண்டிருந்த சண்டையில், பரளச்சியிலிருந்த சித்தப்பா அவரை டீக்கடையில் பத்துப் பேர் பார்க்கச் செருப்பால் அடித்துவிட்டிருந்தார்.

"கூடப் பொறந்தவன்னு இத்தன நாளு பாத்தேன். இன்னைக்கு அவன் தலைய எடுக்காம விட மாட்டேன்" என்று அரிவாளைத் தேடி வீட்டுக்குள் போனார். காலைப் பிடித்த அம்மாவை உதறியதில் அவள் நெற்றி நிலைப்படியில் மோதியது. அந்தச் சத்தம் கேட்டதும் நான் வாசலுக்கு ஓடி, கொதித்துக்கொண்டிருந்த பானெட்டைத் தூக்கி, ரோட்டரை உருவிப் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டு, பானெட்டை மூடினேன்.

அப்பா வந்து சாவியைத் திருப்பினார். 'கிர்ர்ர்' என்று சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. இறங்கிவந்து பெட்ரோல் குழாயை வாயால் உறிஞ்சி, உதட்டு இரத்தத்தோடு சேர்த்துத் துப்பினார். பெட்ரோல் வந்தது. ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, "பாப்பா, சாவியத் திருப்பு" என்றார். திருப்பினேன். பொறி வரவில்லை. கடைசியில்தான் அந்த மூடியைத் திறந்தார்.

"யாரு எடுத்தது?"

நான் நாடா முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டேன். அதற்குள் அம்மா முன்னால் வந்து, "நாந்தான் எடுத்தேன். கெணத்துல போட்டுட்டேன்" என்றாள்.

அரிவாள் உயர்ந்தது. அவர் வெட்டத்தான் ஓங்கினாரா, மிரட்ட ஓங்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா கையைக் குறுக்கே நீட்டினாள். அவளுடைய சுண்டுவிரல் தொங்கியது; வெள்ளைப் பானெட்டில் இரத்தம் தெறித்து, சூட்டில் அப்படியே காய்ந்தது.

அரிவாளை எறிந்துவிட்டு, வேட்டியைக் கிழித்துக் கையைச் சுற்றிக் கட்டி, அவளை அள்ளிக் காருக்குள் போட்டு, அப்பா மறுபடி சாவியைத் திருப்பினார். எஞ்சின் வெறுமனே சுற்றியது. கிளம்பாது என்பதையே அவர் மறந்திருந்தார். ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு, "சாமி, சாமி" என்று கதறினார்.

நான் நாடா முடிச்சை அவிழ்த்து ரோட்டரை நீட்டினேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கி மாட்டினார். ஒரே சுற்றில் வண்டி பிடித்தது. பரளச்சிக்கு வெட்டப் போக இருந்தவர் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

இப்போது பொத்தானை அமுக்கினால் கார் கிளம்புகிறது; ரோட்டர் என்றால் என் மகனுக்குப் புரிவதில்லை. அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்ட கிணற்றில் கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. அப்பா போய் நாலு வருஷமாகிறது. அவர் பாடையின் முன்பக்கத்தைத் தூக்கியவர் சித்தப்பா.

போன மாதம்தான் அம்மாவிடம் கேட்டேன், நான்தான் எடுத்தேன் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியுமா என்று.

"பானெட்ட மூடுன சத்தம் உள்ள கேட்டுச்சுல்ல" என்றாள். "அவுக கையில அருவா இருக்கையில உம்பேரையா சொல்லுவேன்?"