ஒரு பறவைப் புத்தகமும் என் மேசைக்கு வந்த ஏச்சும்

எழுதினவருக்குப் போகவேண்டிய ஏச்சும் புகழும் முதலில் வந்து சேர்வது புத்தகத்தை இரவல் கொடுப்பவரிடம்தான். நூலக மேசைக்குப் பின்னால் இருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. மன்னாரில் எங்கள் வாசிகசாலைக்குப் போன வருடம் ஒரு புத்தகம் வந்தது. எங்கள் கரையின் பறவைகள், மரங்கள், கடல் பற்றி வெளியூர்க்காரர் ஒருவர் எழுதியது. எனக்கு நன்றாகப் பிடித்துப்போய், வந்தவர் எல்லாரின் கையிலும் திணித்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

பன்னிரண்டு பக்கம்

ஓலைத்தொடுவாயில் கடற்றொழில் செய்யும் சவேரி அண்ணன் மூன்றாம் நாளே திரும்பி வந்தார். ஆவுளியா என்று நாங்கள் சொல்லும் கடற்பசு, மீன்பிடி வலைகளில் சிக்கி அழிகிறது என்று அதில் ஓர் அத்தியாயம். “பொய்யோ அண்ணன்?” என்றேன். “பொய்யில்லை,” என்று கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“போன சோளகக் காத்துக் காலத்தில ஒண்டு மாட்டினது. மூச்செடுக்க ஏலாமல் தவிச்சுது. புது வலையை வெட்டித்தான் விட்டனான். ஆவுளியாவுக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதினவர், அந்த வலைக்கு ஒரு வரி எழுதேல்லையே, தங்கச்சி!”

பூநாரைக்குப் போட்டி

நேர்ஸ் மெற்றில்டா அக்காவின் கணவர் புத்தகத்தை வாசித்துவிட்டு, பின்னேரமானால் பூநாரை பார்க்கப் பாலத்தடிக்குப் போகத் தொடங்கினார். ஒரு நாள் அக்காவே புத்தகத்தோடு வந்தா.

“இதை இனி அவருக்குக் குடுக்காதேங்கோ. கலியாணம் கட்டிப் பதினாறு வருசம், ஒரு நாளாவது என்ர முகத்தை இப்பிடி அசையாமல் நிண்டு பார்த்திருப்பாரோ?”

நாலாம் தடவை

கொண்டச்சி றஹீமா ராத்தா நாலாம் தடவையும் தவணை நீட்டிக் கேட்டா. அவ்வளவு பிடித்திருக்கிறதா என்றேன். “சில இடம் அலுப்புத்தான்,” என்றா. இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்து, ஊருக்குத் திரும்பி வந்தவ. அங்கேயே பிறந்து வளர்ந்த மகளுக்குக் கொண்டச்சி என்றால் வெறும் பற்றைக்காடு. வரவே மாட்டேன் என்று நின்றாளாம்.

“ஒவ்வொரு நாளும் போன்ல ரெண்டு பக்கம் வாசிச்சுக் காட்டினன். நேத்து பாலைமரத்தைப் பத்தின பக்கம் வந்ததும், ‘அந்தப் பழம் எப்ப பழுக்கும் உம்மா, அப்ப வாறன்’ எண்டு சொல்லிட்டா.”

ஆசிரியர் வந்தார்

வாசகர் கூட்டத்துக்கு ஆசிரியர் வந்த நாளில், வாசிகசாலைப் பிரதியைப் புரட்டிப் பார்த்தார். எனக்கு உயிர் போய்விட்டது. ஓரமெல்லாம் எங்கள் ஆட்களின் பென்சில் குறிப்பு: ‘இந்தக் குருவிக்கு இங்க வேற பேர்.’ ‘பிழை. வாடைக்குத்தான் வரும்.’ ‘இந்த இடத்தில அழுகை வந்தது.’ அழிக்க மறந்துபோனேன் என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். பிறகு ஒரு புதுப் பிரதியைத் தந்து, பழையதை எனக்குத் தாங்கோ என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு போனார். மனம் நிறைந்த சந்தோஷத்தோடு அந்தப் புதுப் பிரதியை அடுத்த வாசகியிடம் கொடுத்தேன். அவ விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தா.

“மிஸ், பென்சிலால எழுதினது எங்க? இதில வெறும் அச்செழுத்துத்தானே கிடக்கு!”

இப்போது மேசையில் நூல் கட்டிய பென்சில் ஒன்று தொங்குகிறது. மேலதிகாரி கேட்டால், வரவுப் பதிவில் கையெழுத்து வைக்கத்தான் என்று சொல்வதாக இருக்கிறேன்.