குளத்தைச் சுற்றி ஆபீசுக்கு

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் காலைப்பொழுது வெளியே சொல்லிக்கொள்ளும்படி இருந்ததில்லை. எட்டு ஐம்பத்தெட்டு வரை அடுப்படியில் நிற்பேன். பிறகு நைட்டிமேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஒன்பது மணி மீட்டிங்குக்கு லேப்டாப்பைத் திறப்பேன். டிபன் பதினோரு மணிக்கு, சில நாள் அதுவும் கிடையாது. மாமியாருக்கு நான் செய்வது வேலை என்றே நம்பிக்கை வரவில்லை. "வூட்லதானே இருக்குற" என்று மீட்டிங் நடுவில் கீரைக்கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என்னோடு வேலை பார்க்கும் பெங்களூர்க்காரி ஒருத்திதான் வழி சொன்னாள். காலையில் நல்லதாக உடுத்து, பையை மாட்டிக்கொண்டு, ஆபீசுக்குக் கிளம்புவதுபோல் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டுமாம். ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தால், ஆபீஸ் வந்துவிட்டோம் என்று மனசு நம்பிவிடுமாம். கிறுக்குத்தனமாகப் பட்டது. ஆனாலும் நம்புமா என்று பார்த்துவிடும் ஆசை விடவில்லை. மறுநாளே ஏழரை மணிக்குச் சுடிதார், லேப்டாப் பை, கழுத்தில் கம்பெனி அட்டை எல்லாவற்றோடும் கிளம்பினேன். மாமியார் வாசல்வரை வந்து பார்த்தார்.

எங்கள் தெருவில் சில நாள் தறிக்கான பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். நூலில் துப்பட்டா படாமல் ஓரமாக ஒதுங்கி நடந்து, சர்வதீர்த்தக் குளத்தை ஒரு சுற்று சுற்றி, படியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். மனசு நம்பியதோ இல்லையோ, அடுத்தவர் சமாச்சாரம் எனக்கு அல்வா மாதிரி. யார் எத்தனை மணிக்கு நடக்க வருகிறார், யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை என்பதெல்லாம் ஒரே வாரத்தில் அத்துப்படியாகிவிட்டது.

புரியாமல் இருந்தது ஒருத்திதான். இருபத்தைந்து வயதிருக்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனிகளில் போடும் நீலக் கோட்டு, மடிப்புக் கலையாமல். மடியில் சாப்பாட்டுப் பை. கம்பெனி பஸ்கள் எல்லாம் போய்விட்ட பிறகும் அதே படியில் உட்கார்ந்திருப்பாள். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவளா? அப்படியென்றால் சாப்பாட்டுப் பை ஏன் கனமாக இருக்கிறது? இதை யோசித்தே எனக்கு இரண்டு மீட்டிங் வீணாகப் போனது.

கடைசியில் அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கும் வேலை போச்சாக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் எழுந்து போய்விடுவாள், விஷயம் தெரியாமலே போய்விடும். பாவமாக இருந்தது பாதி, ஆவல் பாதி. ஆமாம் என்றேன்.

அவ்வளவுதான், கொட்டிவிட்டாள். வேலை போய் இரண்டு மாதமாகிறதாம். புருஷன் ஓசூரில், வாரம் ஒருமுறை வருகிறவன். வீட்டில் மாமியார் மட்டும். தினமும் பஸ் நேரத்துக்குக் கிளம்பி, குளம், கோயில், நூலகம் என்று ஷிப்ட் முடியும்வரை பொழுதைத் தள்ளுகிறாள். சொன்னால் வீட்டோடு கிட என்று சொல்லிவிடுவார்களாம், வேறு வேலை தேடக்கூட வெளியே விடமாட்டார்களாம்.

"நீ வூட்ல சொல்லிட்டியா?"

சொல்லிவிட்டேன் என்றேன். ஒரு பொய் சொன்னால் அடுத்தது தானாக வருகிறது.

"உங்க மாமியார் இன்னா சொன்னாங்க?"

அவள் முகத்தைப் பார்த்தேன். "'போனா போவுது, நீ மொதல்ல சாப்புடு'ன்னாங்க" என்றேன். என் மாமியார் என்னிடம் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. எங்கிருந்து அது என் வாயில் வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். என் வீடு எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் படி காலியாக இருந்தது. அதற்கு மறுநாளும். என் பொய்யை நம்பி வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாளோ, அங்கே என்ன ஆனதோ என்று மீட்டிங்கிலும் அதே நினைப்பு. மூன்றாம் நாள் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, டிபனுக்கு நேரமில்லாமல் ஓடிவந்து மீட்டிங்கில் உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கூடத்தில் புதுக் குரல் கேட்டது. மைக்கை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அவளும், அவள் மாமியாரும்.

"பையோட குளத்த சுத்துதே அந்தப் பொண்ணு வூடுன்னு கேட்டேன், காட்டினாங்க" என்று அந்த அம்மாள் என் மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தன் மருமகள் சொன்னதைக் கேட்டதும் முதலில் கோபம்தான் வந்ததாம். இரண்டு மாதம் வெயிலில் உட்கார்ந்திருந்தாளே என்று பிறகு அழுகை வந்ததாம். அடுத்த வாரம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போய்வா என்று சொல்லிவிட்டாராம்.

"உங்க மருமவளுக்கும் வேலை போனப்போ நீங்க சொன்னீங்களாமே, 'மொதல்ல சாப்புடு'ன்னு. அதையேதான் நானும் சொன்னேன்."

என் மாமியார் திரும்பி என்னைப் பார்த்தார். கழுத்தில் ஹெட்செட், அறைக்குள் லேப்டாப்பில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாட்டினோம் என்று நினைத்தேன்.

"வேற இன்னாமா சொல்றது" என்றார் மாமியார். "புள்ளைங்க பசியோட திரியலாமா?"

அவர்களுக்குக் காபி கொடுத்து வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். நான் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து உள்ளே வந்தார். கையில் கீரைக்கட்டு இல்லை. உப்புமாத் தட்டை லேப்டாப் பக்கத்தில் வைத்தார், எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"மொதல்ல சாப்புடு."