அக்காவின் ஈரலும் ஆலயத்துப் பாத்திரமும்

“...அதுனாலதான் சொல்றேன், எல்லாரும் வாங்கி முடிக்கட்டும். கடைசி ஆளா நான் போறேன். எனக்குப் பெறகு அந்தப் பாத்திரத்துல யாரும் வாய் வைக்க வேண்டியதில்லைல்ல?”

அக்கா இதைச் சொன்னது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தறிக்காரருக்குக் கொடுக்கவேண்டிய நூலைச் சுற்றிக்கொண்டே. மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. எங்கள் ஆலயத்தில் திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்காலிடுவோம். போதகர் அப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு, திராட்சரசம் இருக்கிற வெள்ளிப் பாத்திரத்தை ஒவ்வொருவர் உதட்டுக்கும் கொண்டுவருவார். எல்லாருக்கும் ஒரே பாத்திரம். ஒருவர் குடித்ததும் விளிம்பைத் துணியால் ஒற்றி, கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்குக் கொடுப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. புருஷன் இறந்தபிறகு அக்கா அருப்புக்கோட்டையில் என் வீட்டில்தான் இருந்தாள். வாரம் முழுக்க நூலோடு கிடப்பவளுக்கு வெளியே போக, நாலு பேரைப் பார்க்க, ஆலயத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

அவளுக்குக் கண் மஞ்சளாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். திருச்சுழிப் பக்கம் ஒருவரிடம் மருந்து வாங்கினோம். மஞ்சள் போகும், திரும்ப வரும். வயிறு வீங்கத் தொடங்கியதும் மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஊசி விட்டு ஈரலில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘சிரோசிஸ், ஈரல் தழும்பேறிச் சுருங்கிப்போச்சு’ என்றார் டாக்டர். எனக்குப் பந்தல்குடி ரோட்டில் பஞ்சர் கடை. லாரிக்காரர்கள் பேச்சில் அந்த வார்த்தை அடிபடும், குடித்தே செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது.

“டாக்டர், எங்கக்கா காப்பிகூட ரெண்டாவது தம்ளர் கேக்காது.”

“தெரியும்ப்பா. இது சாராயத்தால வந்ததில்ல. ஒட்டுற கிருமியும் இல்ல. ஈரலுக்குள்ளேயே குடியிருக்கிற காவல் செல்லுக உண்டு. ரத்தத்துல ரோந்து சுத்துற செல்லுகளும் உண்டு. கிருமி வந்தா ஒண்ணுக்கொண்ணு ரசாயனத்தால சேதி அனுப்பிக் கூட்டம் கூட்டும். இவுக உடம்புல கிருமியே இல்லாம சேதி போகுது. சொந்த ஈரலையே அந்நியன்னு நெனச்சு எல்லாம் சேந்து அடிக்குது. இந்தச் சத்தத்துல, சும்மா தூங்கிக் கெடந்த இன்னொரு செல்லு முழிச்சு, நார் நாராத் தழும்பு போட ஆரம்பிக்குது.”

“நூலு மாதிரியாங்க?” என்று அக்கா கேட்டாள். அவர் தலையசைத்தார்.

“அப்ப வதந்தி மாதிரின்னு சொல்லுங்க டாக்டர்,” என்றேன் நான். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் ஜாதிச் சண்டை அடிக்கடி மூளும். எங்கோ வெட்டு விழுந்ததாம் என்று பஸ்ஸில் ஒருத்தர் சொன்னால் போதும், காரியாபட்டி வரைக்கும் கடை அடைத்துவிடுவார்கள். யார் சொன்னது, யாரை வெட்டினார்கள் என்று கேட்க ஆள் இருக்காது. நானும் கேட்டதில்லை, பூட்டைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

“ஆமா, அப்படித்தான்.”

“மொதல்ல சொன்னது யாரு டாக்டர்?”

“அது யாருக்கும் தெரியலையேப்பா.”

தெரியாததைத் தெரியாது என்று சொன்னதாலேயே அந்த மனுஷர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. அந்தக் காவல் செல்களை அடக்கிவைக்கிற மாத்திரை எழுதிக் கொடுத்தார். விழுந்த தழும்பு போகாது, இனி விழுவதைத் தள்ளிப்போடலாம் என்றார். மாத்திரையில் அக்காவின் முகம் உப்பிப்போனது. அதைப் பார்த்து, “தேறிட்டாளே!” என்றார்கள் சிலர்.

எங்கள் பக்கத்தில் பயம், பாசம், துக்கம் எல்லாவற்றையும் ஈரலில்தான் வைத்துப் பேசுவார்கள். ஈரக்கொலை நடுங்குது என்பார்கள், ஈரக்கொலை கருகுது என்பார்கள், பிள்ளையைத் தூக்கி ‘என் ஈரக்கொலையே’ என்று கொஞ்சுவார்கள். அப்படிப் பேசுகிற சனம், ஈரலில் நோய் என்றதும் முதலில் சாராயம் என்றது. அது இல்லை என்று தெரிந்ததும், ஒட்டிக்கொள்ளும் என்றது.

ஒரு திருவிருந்தில் அக்காவுக்கு அடுத்திருந்த பெண் பாத்திரம் வந்ததும் உதட்டை இறுக மூடிக்கொண்டு, குடித்ததுபோல் தலையை மட்டும் சாய்த்தாள். அவளுக்கு அடுத்தவளும் அப்படியே. அடுத்த மாதம் அக்காவின் இரண்டு பக்கமும் ஆளே இல்லை.

ஆலயத்து வேப்பமரத்தடியில் நின்று நான் எல்லாரிடமும் விளக்கம் சொன்னேன்.

“ஏலே, அவ உடம்பே அவளை அடிக்குதாக்கும்? கேக்குறவன் கேனையன்னா என்ன வேணாலும் சொல்லுவ போல,” என்றான் என்னோடு படித்தவன்.

“டாக்டரு சொன்னாருலே.”

“டாக்டரு உனக்குச் சொன்னாரு. எங்களுக்குச் சொன்னாரா? நீ டயருக்கு ஒட்டுப்போடு, ஈரலுக்குப் போடாத.”

சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் மட்டும் சிரிக்காமல், “தம்பி, உங்கக்கா நல்லவுகதான். ஆனா எனக்குப் பேரப்பிள்ளைக இருக்கு,” என்றார்.

போதகரிடம் போனேன். “ஒட்டாதுன்னு நானே ஆலயத்துல அறிவிச்சிரட்டுமா?” என்றார் அவர். அக்காதான் வேண்டாம் என்றாள். “என் ஈரலைப் பத்திப் பிரசங்கம் வைக்கப் போறாகளாக்கும்?”

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தச் சனிக்கிழமை.

“கடைசியாப் போனா, ஒட்டுற சீக்குன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்க்கா,” என்றேன்.

“ஆனா ஆகட்டும். எனக்கு அந்த ஒரு வாய் வேணும். இன்னும் எத்தனை மாசமோ.”

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பக்கத்துப் பாயிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை வரிசையாகப் போனார்கள், வந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு அக்கா எழுந்தாள். வயிற்றின் பாரத்தில் மெல்ல நடந்து, அவ்வளவு நீளப் பீடப்படியில் தனியாக முழங்காலிட்டாள். முந்தின மாதங்களைவிட அன்றைக்கு ஆலயம் அமைதியாக இருந்தது.

அப்பத்தை வாங்கித் தின்றாள். போதகர் பாத்திரத்தோடு குனிந்தார். உள்ளே இன்னும் ரசம் இருந்தது. மிச்சத்தைக் கொட்டக் கூடாது, நடத்துகிறவரே குடித்து முடிக்கவேண்டும் என்பது வழக்கம். அக்காவுக்கும் அது தெரியும். பாத்திரத்துக்குள் பார்த்தபோதுதான், தனக்குப் பிறகும் அதில் வாய் வைக்க ஒருவர் இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“வாங்கிக்கம்மா. நான் குடிப்பேன்,” என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கே கேட்டது.

அக்கா சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஒரு கையைப் படியில் ஊன்றி எழுந்து, யாரையும் பார்க்காமல் நடந்துபோய், பெண்கள் பக்கத்துக் கடைசிப் பாயில் உட்கார்ந்தாள்.