வழக்குக்குப் போன சட்டை

என் கணவருக்குத் துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்குகிற வேலை. ஒருநாள் இரும்பு வடம் அவருடைய இரண்டு கைகளையும் நசுக்கிவிட்டது. விரல்கள் பத்தும் தப்பின, ஆனால் ஒன்றும் மடங்காது. சோறுகூட நான்தான் ஊட்டவேண்டும். நட்டஈடு கேட்டு எழுதிப்போட்டோம்.

கையைப் பார்க்க ஒரு டாக்டர், நட்டஈட்டு அலுவல் பார்க்கிற ஓர்ஸ் ஹில் கந்தோருக்கு வருகிறார் என்று கடிதம் வந்தது. கந்தோருக்குப் போகிறவர் கசங்கிப் போகலாமா? சட்டைக்குக் கஞ்சி போட்டு, சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி, கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை எல்லாப் பொத்தானையும் பூட்டி அனுப்பினேன். டாக்டர் கையைத் தொட்டும் பார்க்கவில்லையாம். பிறகு எங்களுக்கு விளங்காத மொழியில் ஒரு தாள் வந்தது. அயல்வீட்டுக் கிளாக்கர் வாசித்துச் சொன்னார். பத்து விரலும் உண்டு, பொத்தான்கள் ஒழுங்காகப் பூட்டப்பட்டுள்ளன, ஆகவே வேலைக்குத் திரும்பலாம், நட்டஈடு கிடையாது. டாக்டரால் முடியாததை நான் செய்திருக்கிறேன், ஒரு காலைப்பொழுதில் அவரைச் சுகமாக்கிவிட்டேன்.

மேன்முறையீடு செய்தோம். எங்களுக்காக வழக்குப் பேசின அப்புக்காத்து பெரிய யோசனை ஒன்று சொன்னார்.

"இந்தமுறை அவரைப் பொத்தான் பூட்டாமல், கசங்கின சட்டையோட கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஓம் ஐயா. நீங்களும் அண்டைக்குக் கறுப்புக் கோட்டுப் போடாமல் வாறீங்களோ?" என்று கேட்டேன். 

வழக்கன்றும் அதே சட்டை, அதே கஞ்சி. எதிர்ப்பக்கத்து அப்புக்காத்து அதை ரசித்துப் பார்த்தார்.

"இந்தப் பொத்தான்களை ஆர் பூட்டினது?"

கூட வேலை செய்தவர்கள் பின் வரிசை வாங்கில் இருந்தார்கள். என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான்" என்றார்.

பெண்சாதி உடுத்திவிடுகிறாள் என்று சொல்வதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று நினைக்கிற ஆண்பிள்ளை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"ஐயா, அவர் சொல்லுறது பொய். நான்தான் பூட்டினனான். சோறும் நான்தான் தீத்துறனான். அவருக்கு ஏலாது."

என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நீதிபதி அவரிடம் ஒரு பொத்தானைக் கழற்றிக் காட்டும்படி சொன்னார். விரல்கள் நெஞ்சில் முட்டி முட்டி வழுக்கின. முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நீதிபதி "போதும்" என்ற பிறகும் அவர் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது.

வழக்கில் வென்றோம். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றப் போனேன்.

"தொடாதை" என்றார்.

மூன்று நாள் அந்தச் சட்டையோடுதான் இருந்தார். சோற்றை மட்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் கையால் வாங்கினார்.