மாற்று கோல்கீப்பரை நான் தேர்ந்தெடுத்த லட்சணம்

மாட்சுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, எங்கள் கோல்கீப்பர் நிபாரண் பாபுவுக்குக் குளிர் ஜுரம் என்று செய்தி வந்தது. நான் பதறவில்லை. மாற்று கோல்கீப்பர் தயாராக இருந்தார். அவரைத் தேர்ந்தெடுத்தவன் நான். பதறியிருக்க வேண்டும்.

அப்போது கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் நான் கிளார்க். கையெழுத்து நன்றாக இருந்ததால் ஆபீஸ் ஃபுட்பால் டீமுக்கு என்னைச் செக்ரட்டரி ஆக்கியிருந்தார்கள். பந்தை அதுவரை தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாதம் முன்பு மானேஜர் துரை கூப்பிட்டு, "நிபாரண் வராட்டா கோல்ல யார் நிப்பாங்க? ஒரு ஆளைப் பார்த்து வை" என்றார்.

தானாக வந்து கேட்டவர் ஹரிபதோ. குடோனில் எடை போடுபவர், டீமில் ஃபார்வர்டு. என் தோளுயரம்தான் இருப்பார்.

"ஐயர் பாபு, எங்க பாடாவில, எங்க பேட்டையில, நான்தான் கோல்கீப்பர். பந்து என்னைத் தாண்டாது."

ஜம்பம் அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பில் செக்‌ஷன் ரங்கநாதனை நானே போய்க் கூப்பிட்டேன். கும்பகோணத்துக்காரர். மேல் தட்டு ஃபைலை ஸ்டூல் இல்லாமல் எடுப்பார்.

"வேண்டாம்ணா, எனக்குப் பந்துன்னா பயம். மூஞ்சிக்கு நேரே வந்தா கண்ணை மூடிண்டுடுவேன்."

என்ன அடக்கம் என்று நினைத்து, பெயரை எழுதிக்கொண்டேன்.

மைதானத்தில் எதிரே சணல் கம்பெனி டீம். தோற்றால் போட்டியிலிருந்து வெளியே. அவர்கள் காலில் பூட்ஸ், எங்களுக்கு வெறுங்கால். முதல் பந்து வந்தது. ரங்கநாதன் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவது கோல் விழுந்தபோது போஸ்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹாஃப் டைமில் ஹரிபதோ என்னிடம் வந்தார். "இப்பவாவது நிக்கட்டுமா?"

தலையை ஆட்டினேன். ஹரிபதோ போய் கோலில் நின்றார். ரங்கநாதன் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. அதன்பின் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. நாங்கள் இரண்டு கோல் போட்டோம். போதவில்லை.

மறுநாள் துரை எங்கள் செக்‌ஷனுக்கே வந்துவிட்டார். "தெரியாத வேலைக்கு அந்த நெட்டையன் ஏன் வந்தான்? அவனை டீமை விட்டுத் தூக்கு."

"எஸ் சார்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பக்கத்து மேஜையில் ரங்கநாதன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அவரா வரல சார். முடியாதுன்னுதான் சொன்னார். நான்தான் கேக்கல."

துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ உன்னைத்தான் தூக்கணும்."

தூக்கினார். ஹரிபதோ செக்ரட்டரி ஆனார். அவர் சொல்லச் சொல்ல லெட்டர் எழுதும் வேலை மட்டும் எனக்கு மிஞ்சியது.

ஆள் எடுக்கும் நாற்காலியில் உட்காரப்போகும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். முடியும் என்பவனை ஒரு தடவை நிற்க வைத்துப் பாருங்கள். முடியாது என்பவனை நம்பிவிடுங்கள்.