உள்ளங்கையில் சுட்ட மண்

சில வருஷங்களுக்கு முன், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, யாங்கூனுக்கு வெளியே ஒரு சதுப்புக் காட்டில் நடந்தது இது.

யாங்கூனில் தின்கன்ஜூன் பேட்டையில் எனக்குப் பூச்செடிக் கடை. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எதற்கெடுத்தாலும் பயம். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். தொட்டிகளுக்குக் கறுப்பு மண் அந்தக் காட்டிலிருந்துதான் வரும். பஞ்சு மாதிரி லேசாக இருக்கும், எந்தச் செடியும் பிடித்துக்கொள்ளும். மூட்டையில் கலப்படம் செய்கிறார்களோ என்று சந்தேகம் வந்து, அந்தத் தடவை நானே லாரியில் ஏறிப் போனேன். ஓட்டியவர் பக்கத்துப் பேட்டையான தாகேதாவில் இருக்கும் நம் தமிழர்.

வெளிச் சாப்பாடு ஹலாலாக இருக்குமோ இருக்காதோ என்று வீட்டுச் சோற்றைத் தூக்குச்சட்டியில் கொண்டு போயிருந்தேன். மண் வெட்டுகிறவர்கள் மூட்டைகளை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனதும், சுள்ளி பொறுக்கி, தரையிலேயே தீ மூட்டிச் சோற்றைச் சூடாக்கினேன். தின்று முடித்து நெருப்பில் தண்ணீர் ஊற்றினேன். மனசு கேட்கவில்லை. மறுபடியும் ஊற்றினேன். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி உளூ செய்ய வைத்திருந்த கேனையும் கவிழ்த்தேன்.

"பாய், நெருப்பு மௌத்தாகி ரொம்ப நேரமாச்சு. இன்னுமா குளிப்பாட்டுறீங்க?" என்று சிரித்தார் லாரிக்காரர்.

மதியத் தொழுகையான லுஹருக்கு நேரம் வந்தபோது கையில் தண்ணீர் இல்லை. பக்கத்து வாய்க்காலும் காய்ந்து கிடந்தது. தண்ணீர் கிடைக்காத இடத்தில், மண்ணில் உள்ளங்கையைத் தட்டி முகத்திலும் கையிலும் தடவிக்கொள்வோம், தயம்மும் என்று. அதற்காகச் சற்றுத் தள்ளிப் போய்க் குனிந்து தரையில் கை வைத்தேன். சுட்டது. வெயிலாக இருக்கும் என்று நிழலில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் சுட்டது.

புகை வாடைக்கு ஓடி வந்தார் மரங்களுக்குப் பின்னால் மீன் குளம் வைத்திருந்த ஒரு பர்மியப் பெண். தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை ஏறிட்டார். "ஒரு சட்டிச் சோற்றுக்கு இவ்வளவு பெரிய அடுப்பா, அகோ?" பர்மியத்தில் அகோ என்றால் அண்ணன்.

அவர் வேகவேகமாகச் சொன்னார். இது மண்ணே இல்லை, தண்ணீருக்குள் மக்காமல் கிடந்த பழைய இலையும் வேரும். தண்ணீர் இருக்கிறவரைக்கும்தான் காடு. வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டால் வெறும் விறகு. மேலே அணைந்தாலும் அடியில் மாதக்கணக்கில் புகையும், மரங்கள் வேர் வெந்து சாயும். மரத்து மேலே நாரைகள் கூடு கட்டியிருந்தன.

"வாய்க்காலை யார் வெட்டினது?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு மண் எடுக்கிறவங்கதான்."

குளம் சற்று மேட்டில் இருந்தது. அவர் மண்வெட்டியை எடுத்துத் தன் குளத்துக் கரையை வெட்டிவிட்டார். லாரிக்காரரும் நானும் ஏற்றிய மூட்டைகளையெல்லாம் இறக்கி, தண்ணீர் வடிந்து போகாதபடி வாய்க்காலை அடைத்தோம். தண்ணீர் பரவிய இடமெல்லாம் சீறியது. மீன்கள் கறுப்புத் தண்ணீரில் சிதறிப் போயின. பொழுது சாய்வதற்குள் தரை குளிர்ந்தது. நாரைகள் தம் பாட்டுக்குக் கூட்டில் உட்கார்ந்திருந்தன.

மீனுக்கு ஈடு தருகிறேன் என்றேன். "இனி மண் கேட்டு வராதீங்க, அது போதும்" என்றார். காலி லாரியில் திரும்பினோம். வழியில் லாரிக்காரர் ஒரு கேலியும் செய்யவில்லை.

இந்த மாதிரி நிலம் எரிந்தால் உலகத்துக்கே வெயில் கூடுமாம், பிறகு வானொலியில் கேட்டேன். இப்போது தென்னைநார்த் தூளும் உமியும்தான் கலக்கிறேன். செடி முன்னைப்போல வரவில்லை என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். பூட்டை நான் இன்றைக்கும் இழுத்துப் பார்க்கிறேன். ஆனால் எதற்கெல்லாமோ பயந்து செத்த எனக்கு, பயப்பட வேண்டிய ஒன்று அத்தனை வருஷமும் என் கடைத் தொட்டிகளிலேயே இருந்தது தெரியாமல் போனதை நினைத்தால் உள்ளங்கை இன்னும் சுடுகிறது.